மணிக்கட்டுக்குள் கரைந்த குழாய்

2007ஆம் ஆண்டு ஆனிக் கடைசியில், நான் வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனியின் துணிக் குடோனில் செக்கிங் மெஷினின் கண்ணாடி உடைந்து என் வலது மணிக்கட்டைக் கிழித்தது. துணி அந்தக் கண்ணாடியின் மேல் சரிந்து ஓடும்போது ஓட்டையும் நூலறுப்பும் எண்ணெய்க் கறையும் தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் பின்னால் டியூப் லைட் எரியும். மேலே மாட்டியிருந்த ரோல் நழுவியது. அதைத் தாங்கப் போய் ஒரு கையைக் கண்ணாடியில் ஊன்றினேன். துணி தப்பித்தது. வெள்ளைத் துணி, அதில் ஒரு சொட்டு ரத்தம்கூடப் படவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பக்கத்து நர்சிங் ஹோமில் தையல் போட்டு அனுப்பினார்கள். காயம் சுத்தமாக ஆறியது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வேறு யாருடையவோ போல இருந்தன. தொட்டால் தொட்டதாகத் தெரியவில்லை. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். ஆடி பிறந்து, பதினெட்டாம் பெருக்கும் கழிந்தது. வீக்கம் வடிந்து தழும்பு மட்டும் நின்றது. விரல்கள் அப்படியே இருந்தன.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். ஓட்டை பார்ப்பது அதில் பாதிதான். மீதிப் பாதி, துணியைத் தொட்டுச் சொல்வது. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்ட துண்டுத் துணி ஒன்று எங்களிடம் இருக்கும். சாயம் போட்டு, துணியைச் சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங் முடிந்து, ஒரு தடவைக்கான துணி மொத்தமும், அதாவது ஒரு லாட், வந்ததும், அந்தத் துண்டையும் வந்த துணியையும் மாறி மாறிக் கட்டைவிரலுக்கும் மற்ற இரண்டு விரல்களுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, இரண்டும் ஒன்றா இல்லையா என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ‘ஃபீல் பார்ப்பது’ என்று பேர். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன். எனக்குக் கற்றுத் தந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். கண் திறந்திருந்தால் நிறம் கையை ஏமாற்றிவிடும். நேவி ப்ளூ துணி அதே தரத்து வெள்ளையைவிட முரடாகத் தோன்றும். பதினாறு வருடம் இந்த வேலையில் இருந்தேன். வேறு எந்த வேலையும் எனக்கு இந்த அளவுக்குத் தெரியாது. அந்த மூன்று விரல்களும் திரும்பி வராவிட்டால் நான் என்னவாக இருப்பேன் என்பதை அந்த ஆடி மாதம் முழுக்க யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

கோயமுத்தூரில் கை அறுவைக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார் என்று மேனேஜர்தான் சொன்னார். ஆவணி முதல் வாரம் நானும் மனைவியும் அவிநாசி வழியாகப் பஸ்ஸில் போனோம். டாக்டர் என் விரல்களை ஊசியால் தொட்டார். பிறகு தழும்பின் மேல் தட்டினார். முழங்கை வரை கரண்ட் அடித்தது போல இருந்தது.

“தோல தைச்சிருக்காங்க. உள்ள நரம்பு அறுந்திருக்கு, அது தைக்கப்படலை,” என்றார். யாரையும் குறை சொல்லும் தொனி அவர் குரலில் இல்லை. “இத்தன நாள் ஆனதால ரெண்டு நுனியும் விலகிப் போயிருக்கும். இழுத்துத் தைச்சா பிரிஞ்சுரும். நடுவுல பாலம் மாதிரி ஏதாவது வைக்கணும்.”

இரண்டு வழி சொன்னார். ஒன்று, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து வந்து நடுவில் ஒட்டுவது. அப்படிச் செய்தால் பாதத்தின் ஓரத்தில் ஒரு பகுதி மரத்துப்போகும். இன்னொன்று, இரண்டு நுனிகளையும் ஒரு சிறு குழாயின் இரண்டு பக்கமும் செருகித் தைத்துவிடுவது. மேல் நுனியிலிருந்து நரம்பிழைகள் தானாக வளரும். வழி கிடைக்காவிட்டால் கண்ட பக்கம் போய்ச் சுருண்டு முடிச்சாகிவிடும். குழாய் இருந்தால் அதற்குள்ளேயே வளர்ந்து எதிர் நுனியைப் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். சேர்ந்த பிறகு குழாய் கரைந்துவிடும்.

“கட்டடத்துக்குச் சாரம் கட்டறாங்க இல்லையா, அந்த மாதிரி. இங்க சாரத்தைப் பிரிக்க ஆள் வேண்டாம். அதுவே போயிரும்.”

“எதுல செஞ்சதுங்க?” என்று கேட்டேன்.

“ஒரு வகை பாலிமர். பிளாஸ்டிக் குடும்பம்னு வெச்சுக்கங்க.”

என் மனைவி நிமிர்ந்தாள். நொய்யல் ஆற்றில் கரையொதுங்கிக் கிடக்கும் கேரி பேக்குகளைத் தினமும் பாலத்தின் மேலிருந்து பார்க்கிறவள் அவள். “ஏனுங்க டாக்டர், பிளாஸ்டிக்குன்னா மக்காதுங்களே. உள்ள வெச்சுத் தெச்சுப்போட்டா அது காலத்துக்கும் கெடக்குமுங்களே?”

“இது மக்கும்மா. உள்தையல் போடறோமே, தானா கரையற நூல், அதே ஜாதி. தண்ணி பட்டுப் பட்டு உடைஞ்சு, உடம்புக்குப் பழக்கமான அமிலமா மாறிப் போயிரும்.”

“அது போறதுக்குள்ள நரம்பு வந்து சேந்துருமுங்களா?”

“அதுதான் கணக்கு,” என்றார். “குழாய் ரொம்ப சீக்கிரம் கரைஞ்சாலும் தப்பு, ரொம்ப நாள் இருந்தாலும் தப்பு. பெரும்பாலும் சரியா வருது. ஆனா பழைய கை அப்படியே திரும்பக் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வயசுக்குக் கொஞ்சம் கிடைக்கும். எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது.”

மேசை டிராயரிலிருந்து காலாவதியான ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். ஜூஸ் கடையில் தரும் ஸ்ட்ராவை இரண்டு விரல்கணு நீளத்துக்கு நறுக்கியது போல இருந்தது. வெளுப்பு நிறம். உற்றுப் பார்த்தால் அது மெல்லிய இழைகளால் ஆனது என்று தெரிந்தது. எங்கள் ஊரில் வட்டப் பின்னல் மெஷினிலிருந்து இறங்கும் துணியும் குழாய் வடிவம்தான் என்பதால் எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. என்னை அறியாமலே வலது கையில் வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடினேன்.

ஒன்றும் இல்லை. கையில் ஏதாவது இருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை. மனைவி அதை என் விரல்களிலிருந்து எடுத்து இடது கையில் வைத்தாள். கொஞ்சம் விறைப்பு, கொஞ்சம் நெளிவு. குழாயே வைக்கலாம், சரி என்று டாக்டரிடம் சொன்னேன்.

ஆவணியிலேயே ஆபரேஷன் நடந்தது. மணிக்கட்டு அசையாமல் கட்டுப் போட்டார்கள். புரட்டாசியில் கட்டைப் பிரித்துப் பயிற்சி தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்தது உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண், சின்ன வயது. அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சூடு, கூர்மை எதன் பக்கமும் அந்த மூன்று விரல்களைக் கொண்டுபோகக் கூடாது. “உங்க கை அழுகத் தெரியாத கொழந்தைங்கண்ணா. நீங்கதான் பாத்துக்கோணும்.”

இந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நூலகத்தில் உடலியல் புத்தகங்கள். பிரவுசிங் சென்டரில் எனக்குப் பாதி புரிந்த ஆங்கிலக் கட்டுரைகள். எல்லாவற்றையும் தேதி வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எங்கள் தெருவுக்கு எப்போது குழாய்த் தண்ணீர் வந்தது, எந்த வருடம் எந்த மில் மூடியது என்றெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். ஆகவே உணர்ச்சி திரும்பும் நாளையும் குறித்து வைக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

அந்த நாள் தைப் பொங்கலுக்கு மறுநாள் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

எங்கள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் ஊருக்குப் போகவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பொங்கலுக்குப் பாதித் திருப்பூர் தெற்கே போகும்போது அவர் மட்டும் கிறிஸ்துமஸுக்குப் போய் வந்தவர் என்பதால் இங்கேயே இருந்தார். ஒரு பையில் விதவிதமான பின்னல் துணித் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தார்.

“டாக்டரு ஊசி வச்சுப் பாக்காரு. ஊசியவா நீங்க கம்பெனில பாஸ் பண்ணுதிய? துணிய வச்சில்லா பாக்கணும். கண்ண மூடுங்க அண்ணாச்சி. ஓரக்கண்ணுல பாத்தியன்னா ஆட்டத்துல சேத்தி இல்ல.”

கண்ணை மூடினேன். முதல் துண்டு கையில் விழுந்தது. பழையபடி தேய்த்தேன்.

“சிங்கிள் ஜெர்சி.”

“சரி. இது?”

“இன்டர்லாக்.”

“இது?”

“ரிப். ரெண்டுக்கு ரெண்டு.”

“மாஸ்டரு கேக்கற தோரணையப் பாத்தா கட்டிங்ல பீஸ் கொறஞ்சு போன மாரி இருக்குதுங்க,” என்று சொல்லிக்கொண்டே என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

“நீங்க சும்மா இருங்கக்கா. அண்ணாச்சி, இதச் சொல்லிட்டியன்னா நான் கத்திரிய கீழ வச்சிருதேன்.”

அது ஜெர்சிதான், ஆனால் மேல் பிசிறு போய் மெத்தென்று ஆக பயோ வாஷ் செய்தது. சொன்னேன். கண்ணைத் திறந்தபோது மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஊகித்துச் சொல்லவில்லை. விரல் நுனியில் அந்தத் துணிகள் எனக்குத் தெரிந்தன. ரிப்பின் வரிகள் கட்டைவிரலின் கீழ் ஏறி இறங்குவதை உணர்ந்தேன். மனைவி கேசரி கிண்டினாள். மாஸ்டர் போனில் மேனேஜரிடம் சொன்னார். தை முதல் வாரம் உணர்ச்சி திரும்பியது என்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்த மாதம் கோயமுத்தூர் போக வேண்டியதைத் தள்ளிப்போட்டேன்.

மாசி பிறந்ததும் குடோனில் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். லாட் லாட்டாகத் துணி வந்தது. பார்த்தேன், சரி என்றேன், சரியில்லை என்றேன். துவைத்து வந்த துண்டுகளை அயர்ன் டேபிளில் நானே தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கையால் நீவி ஃபீல் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வது.

ஒரு சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

“இது எப்பங்க ஆச்சு?”

“எது?”

அவள் என் கையைத் திருப்பிக் காட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனி முழுக்கக் கொப்புளம். நடுவிரலில் பாதி. ஒரு இடத்தில் தோல் ஏற்கெனவே உரிந்து, அதன் மேல் சோறு ஒட்டியிருந்தது. நான் அந்தக் கையால்தான் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அயர்ன் பாக்ஸா இருக்கும்,” என்றேன்.

“இருக்குமா? சுட்டது தெரியலீங்களா?”

அவள் ரசக் குண்டாவைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் அந்த விரலைத் துடைத்தாள். எனக்குப் புரிவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் கோயமுத்தூரில் அந்தப் பயிற்சிப் பெண் கொப்புளத்துக்கு மருந்து போட்டாள். பிறகு என் கைக்கும் கண்ணுக்கும் நடுவே ஓர் அட்டையை வைத்தாள். குச்சியின் நுனியில் நைலான் நூல் துண்டு பொருத்திய சிறு கருவி ஒன்று அவளிடம் இருந்தது. “நான் தொடறப்ப ‘இப்ப’ன்னு சொல்லுங்கண்ணா. அவசரமில்லீங்க.”

காத்திருந்தேன். ஆள்காட்டி விரலில் லேசாக ஏதோ பட்டது. “இப்ப,” என்றேன். பிறகு நடுவிரலில். “இப்ப.” பிறகு கட்டைவிரலில், கொஞ்சம் அழுத்தமாக. “இப்ப.”

என் மனைவி உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அட்டைக்கு அந்தப் பக்கம் தெரியும். “கண்ணு, நீ தொட்டியா?” என்று கேட்டாள்.

“இல்லீங்கக்கா,” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

டாக்டர் வந்தார். பொங்கல் கதையை மனைவிதான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. “சுண்டு விரலுக்கும் மோதிர விரல்ல பாதிக்கும் வேற நரம்பு. அது உங்களுக்கு நல்லா இருக்கு. துணி அங்கயும் பட்டிருக்கும். எடை இருக்கு, தேய்க்கறப்ப சத்தம் இருக்கு, வாசம் இருக்கு. மிச்சத்த மூளை போட்டு நிரப்பிக்கும். துணியப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது ரொம்ப ஜாஸ்தி. ஊசியப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதனாலதான் நாங்க ஊசில பாக்கறோம்.”

பிறகு தழும்பில் தட்டத் தொடங்கி உள்ளங்கை வரை வந்தார். உள்ளங்கையின் நடுவுக்குச் சற்று மேலே தட்டியபோது விரல்களுக்குள் கரண்ட் ஓடியது. “இது நெசம்,” என்றார். “நரம்பு இதுவரைக்கும் வந்திருக்கு. குழாயத் தாண்டிருச்சு. வழியில இருக்கு.”

“குழாய் இருக்குங்களா இப்ப?”

“அனேகமா இருக்காது.”

பஸ்ஸில் வரும்போது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளே இருந்த அது எந்த நாளில் இல்லாமல் போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ளாமல் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. அது போன பிறகும் நரம்பு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. நானோ அது வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று கேசரி சாப்பிட்டிருக்கிறேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். இனி ஃபீல் பார்க்க என்னால் முடியாது என்றேன்.

“ஏனுங்க, தை மாசம் சரியாப் போச்சுன்னு மாஸ்டர் சொன்னாருங்களே?”

“ஆகலீங்க. ஆனதா நெனச்சுட்டோம்.”

அவர் கணினியில் எதையோ பார்த்தார். “நீங்க இந்த மாசம் பாஸ் பண்ணுன லாட் ஒண்ணுலகூடப் புகார் வரலீங்க. திருப்புனதெல்லாம் திருப்ப வேண்டியதுதான். துணி சரின்னா அப்பறம் கையப் பத்தி நமக்கென்னங்க? உக்காருங்க.”

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். மாஸ்டரும் அன்று சாயங்காலம் அதையே சொன்னார்: “எப்படித் தெரியுதுன்னு எதுக்கு நோண்டுதிய? தெரியுதுல்லா?” ஆனால் எனக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கே தெரியவில்லை. யாரும் தொடாத விரல், தொட்டதாக என்னிடம் சொன்னது. நாளைக்கு ஒரு லாட்டைப் பற்றி அது என்ன சொல்லும், அதை நான் எப்படிச் சோதிப்பேன்? இத்தனை வருடத்தில் எத்தனை துணிகளை இந்த விரல் உண்மையாகவே தொட்டுச் சொன்னது, எத்தனையை நான் முன்பே முடிவு செய்து அதன் வாயில் போட்டேன் என்ற கேள்வியும் அப்போது வந்தது.

என்னை ஷேடு பார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். நிறம் ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் வேலை. கண் போதும். என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார்.

வைகாசியில் விரல்களுக்குள் எறும்பு ஊர ஆரம்பித்தது. பிறகு அது எரிச்சலாக மாறியது. பருத்தித் துணி பட்டால் தேங்காய் நார் போலக் குத்தியது. வேட்டி நுனி பட்டாலே கையை இழுத்துக்கொள்வேன். பொங்கலுக்கு மறுநாள் நான் உணர்ந்த மெத்தென்ற ஜெர்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை நான் அதை நம்பத் தயாராக இல்லை.

கார்த்திகையில் ஒரு காலையில், தொட்டித் தண்ணீரில் கை விட்டேன். சுண்டு விரலும் மோதிர விரலும் உடனே சில்லிட்டன. கொஞ்சம் பொறுத்து, மற்ற மூன்றிலும் ஏதோ வந்தது. குளிர் என்று சொல்ல முடியாது. வெகு தூரத்தில் யாரோ குளிர் என்று சொல்வதைப் போல. கையை எடுக்காமல் நின்றேன்.

“ஏனுங்க, தண்ணிக்குள்ள என்னத்தத் தொலைச்சீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

அடுத்த முறை கோயமுத்தூரில் அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன். அவள் அட்டையை எடுத்து வைத்தாள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. பல தடவை ஒன்றும் வரவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தேன். மனைவி மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு வந்தது.

“இப்ப.”

“எங்கீங்கண்ணா?”

“நடுவிரல்ல.”

அவள் அட்டையை எடுத்தாள். நைலான் நூல் என் ஆள்காட்டி விரலின் மேல் வளைந்து நின்றது.

“தொட்டது நெசமுங்கண்ணா,” என்றாள். “எடந்தான் மாறிப் போச்சு. நரம்பு வர்றப்ப இழைங்க பழைய எடத்துக்கே போய்ச் சேராதுங்க. சிலது பக்கத்து ஊட்டுக்குப் போயிரும். அதுங்களத் திருத்த முடியாது. நீங்கதான் புதுசாப் பழகிக்கோணும்.”

பழகும் முறையையும் சொல்லித் தந்தாள். முதலில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே தொட வேண்டும். பிறகு கண்ணை மூடி அதே இடத்தைத் தொட வேண்டும். பிறகு மறுபடி திறந்து பார்க்க வேண்டும். தினமும். எத்தனை மாதம் என்று கேட்டேன். “மாசக் கணக்கு இல்லீங்கண்ணா,” என்றாள்.

அந்த வருடம் மின்வெட்டு அதிகம். சாயங்காலம் கரண்ட் போனதும் வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே பாய் விரித்து உட்காருவோம். மனைவி பென்சிலின் ரப்பர் முனையால் தொடுவாள்.

“பாருங்க. இது ஆள்காட்டி.”

“ஆள்காட்டி.”

“கண்ண மூடுங்க. இப்ப?”

“நடுவிரல்.”

“இல்லீங்க. பாருங்க, ஆள்காட்டி. மறுபடி மூடுங்க.”

மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவள் தொடுகிறாளா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“தெரியல,” என்றேன்.

“நான் இன்னும் தொடலீங்க,” என்றாள். “அப்படியே இருங்க. இப்பத் தொடறேன்.”